முத்தத்துக்கு ஒரு நொடி முன்பு

நான் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதிலும் கண்களுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் வழக்கம்போல் பாசாருக்குப் போய் மீனும், திரும்பும் வழியில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் ரொட்டி சானாயும் வாங்கி வந்தார். கக்கத்தில் ஒரு பத்திரிகை இருந்தது. அவர் பத்திரிகை வாங்குகிற ஆள் அல்ல. மீனைத் தொட்டியில் வைத்தார், கையைக் கழுவித் துடைத்தார், பிறகு பத்திரிகையை மேசைமேல் விரித்தார்.

"இது உன் நீல பஞ்சாபி சூட்டுதானே?"

"ஆமா."

"அதான் நெனைச்சேன். கைப்பக்கம் தையல் விட்டிருக்கு பாரு. தைக்கணும் தைக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்த."

படத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எதிரே, நாடே அறிந்த ஒரு கால்பந்து ஆட்டக்காரர். அவருடைய முகவாயை என் இடது கையால் பிடித்து, முகத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கி, அவர் உதட்டை வெகு அருகில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு மலிவு விலை ஹோட்டலின் பெயர்ப் பலகை. மேலே, கொட்டை எழுத்தில்: "நட்சத்திர ஆட்டக்காரரின் ரகசியக் காதலி யார்?" படத்துக்குக் கீழே சிறிய எழுத்தில்: "முத்தத்துக்கு ஒரு நொடி முன்பு."

உள்ளே இரண்டு பக்கங்களுக்குச் செய்தி. அந்தப் பெண்ணுக்கு முப்பத்து நான்கு வயதாம். கணவனை இழந்தவராம். அவர் வலது கையில் மின்னுவது ஆட்டக்காரர் பரிசளித்த நகை என்று "நெருங்கிய வட்டாரம்" தெரிவித்ததாம். ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்த என் கணவர், தான் இறந்துபோன செய்தியைக் கடைசி வரி வரை படித்தார்.

"நீ சொல்ல வேண்டாம்," என்றார். "பேஷண்டு விஷயம்னு தெரியுது. ஒண்ணு மட்டும் கேக்குறேன். அந்த நகை என்னது?"

"அதுவும் சொல்ல முடியாது."

"சரி. மீன வெட்டவா, நீ வெட்டுறியா?"

இப்போது என்னால் சொல்ல முடியும். சம்பந்தப்பட்டவரே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதுங்கக்கா, பேரு மட்டும் வேணாம்" என்றார். ஆகவே எழுதுகிறேன். எனக்கு அப்போது வயது ஐம்பத்தொன்று. என் கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பொறியியலாளர், நல்ல உடல்நலத்தோடு இருக்கிறார். நான் பல் மருத்துவர். பாலமும் ஃபெர்ரியும் அக்கரையோடு இணைக்கிற தீவில், ஜார்ஜ் டவுனில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் என் கிளினிக் இருக்கிறது. கையில் இருந்தது நகை அல்ல. ஒரு கம்பிச் சட்டத்தில் வரிசையாகக் குத்தி வைத்த பொய்ப் பற்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெள்ளை. நோயாளியின் பல்லுக்குப் பக்கத்தில் வைத்து எந்த வெள்ளை பொருந்துகிறது என்று பார்ப்போம். அறை விளக்கில் பார்த்தால் தவறாகத் தெரியும் என்பதால் வெயிலுக்கு அழைத்துப் போய்ப் பார்ப்போம். அன்று பார்த்ததும் அதைத்தான்.

அவர் என்னிடம் முதலில் வந்தது மதிய உணவு நேரத்தில், கிளினிக்கில் ஆள் இல்லாதபோது. முகக்கவசம், தொப்பி, கறுப்புக் கண்ணாடி மூன்றும் அணிந்திருந்தார். அப்படி அணிந்து வருகிறவர்களைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. என் உதவியாளர் அக்கரையில் இருக்கும் பிறையிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரியில் வருகிற பெண். கால்பந்து என்றால் அவளுக்கு உயிர். அவர் கவசத்தைக் கழற்றியதும் அவள் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. இரண்டாவது தடவை, அவர் வாயைத் திறந்ததும், பொறுக்கி எடுத்த தட்டு மறுபடி விழுந்தது.

மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டும் இல்லை. அந்தப் பற்களைத் தமிழும் மலாயும் தெரிந்த யாருக்கும் தெரியும். பாலத்துக்குப் போகும் சாலையில் ஒரு குளிர்பான விளம்பரத்தில் அவை ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தன.

"கட்டின பல்லுக்கா," என்றார். த-வும் ச-வும் காற்றாக வந்தன. "பாப்பா மடியில குதிச்சா. தலை வந்து இங்க அடிச்சிருச்சு. அப்பிடியே கையில வந்திருச்சு."

ஒரு கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். பத்து வருஷத்துக்கு மேலான வேலை. தாங்கியிருந்த பக்கத்துப் பற்களில் ஒன்றும் உடைந்திருந்தது. மறுபடி ஒட்டவைக்க வழியில்லை. தற்காலிகமாகக் கழற்றி மாட்டுகிற ஒரு தகடு செய்து தரலாம், நிரந்தரமாகக் கட்டுவதற்குச் சில மாதங்கள் ஆகும் என்று விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு, "வீட்டுல தெரியாதுக்கா," என்றார்.

"பல்லு விழுந்ததா?"

"பல்லு கட்டினதே தெரியாது."

கல்யாணமாகி ஆறு வருஷம். மனைவி செபராங் ஜெயாவில் ஆசிரியை. பல் விழுந்த அன்றிலிருந்து காய்ச்சல், தொற்றிக்கொள்ளும் என்று சொல்லிக் கவசத்தைக் கழற்றாமல் வேறு அறையில் படுக்கிறாராம். சாப்பாட்டையும் உள்ளேயே வாங்கிக்கொள்கிறாராம்.

"சொல்லிடலாமே தம்பி. இதுல என்ன இருக்கு?"

அவர் கைக்குட்டையைப் பல்லோடு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் மேலே கேட்கவில்லை.

தகடு செய்வதற்கு அளவெடுத்தேன். பல் செய்து தருகிற கூடம் பட்டர்வொர்த்தில் இருக்கிறது. அதை நடத்தும் சீனர் இந்த வேலையில் கெட்டிக்காரர். முன்பல் என்றால் ஆளை நேரில் பார்க்காமல் நிறம் முடிவு செய்ய மாட்டார். ஆட்டக்காரரின் காடி எண் ரசிகர்களுக்கு மனப்பாடம் என்பதால், என் சின்னக் காடியிலேயே பாலத்தைத் தாண்டி அழைத்துப் போனேன். அவர் பின்னிருக்கையில் சரிந்து படுத்துக்கொண்டார். கூடம் ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் ஹோட்டல். நாங்கள் மூவரும் கீழே இறங்கி வெயிலில் நின்று நிறம் பார்த்தோம். எதிரே யாரோ கைபேசியை உயர்த்தியிருக்கிறார்கள். படத்தை வெட்டியவர்கள் சீனரையும் பல் கூடத்தின் பலகையையும் வெளியே தள்ளிவிட்டு, ஹோட்டல் பலகையை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார்கள். நல்ல கைவேலை. எங்கள் தொழிலிலும் வேண்டாததை இப்படித்தான் சுத்தமாக வெட்டி எடுக்க வேண்டும்.

செய்தி வந்த முதல் சில நாட்கள் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அது ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் அம்மாள் ஒருவர் மின்தூக்கியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா டாக்டர், பேப்பர்ல? கட்டின பொண்டாட்டி குத்துக்கல்லாட்டம் இருக்கா, புள்ள இருக்கு. இவ எப்பிடி லா பட்டப்பகல்ல நடுரோட்டுல மூஞ்சியப் புடிப்பா?"

"ஆமாங்க."

"புருஷன் செத்தவளாம். அந்த மனுஷன் இருந்திருந்தா இதப் பாத்து எவ்வளோ வேதனைப்பட்டிருப்பான்."

"பட்டிருப்பாருங்க," என்றேன். அந்த மனுஷன் மேல்மாடியில் எங்கள் வீட்டில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அதே பத்திரிகை இன்னும் கொஞ்சம் முன்னேறியது. ஆட்டக்காரர் விவாகரத்துக்கு ஏற்பாடு செய்கிறார். அந்தப் பெண்ணுக்கு வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறார். மனைவி அழுதபடி தாய்வீட்டுக்குப் போய்விட்டார். இதற்கும் நெருங்கிய வட்டாரம்தான் ஆதாரம். அந்த வட்டாரத்தில் யார் இருந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருடைய வாய்க்கு என்னைவிட நெருக்கமாக யாரும் போயிருக்க முடியாது.

அந்த வாரம்தான் யாரோ படத்தின் ஓரத்தில் தெரிந்த என் காடி எண்ணைப் பெரிதாக்கி, கிளினிக்கைக் கண்டுபிடித்து, இணையத்தில் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் கீழே நடைவழியில் கேமராவோடு ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சில நோயாளிகள் நேரத்தை ரத்து செய்தார்கள். வேறு சிலர் புதிதாக வந்தார்கள். பல்லில் எந்தக் கோளாறும் இல்லாமல், "சும்மா க்ளீன் பண்ணத்தான்" என்று சொல்லி, நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னையே உற்றுப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி வெளியே போகும்போது தன் தோழியிடம், "இவங்க இல்ல லா, இவங்க ஆண்ட்டி" என்று சொன்னது கதவு வழியாகக் கேட்டது.

எனக்காகக் கோபப்படுகிற பொறுப்பை என் உதவியாளர் எடுத்துக்கொண்டாள். உண்மை தெரிந்தும் வாயைத் திறக்க முடியாதது அவளுக்குப் பெரிய தண்டனை. ஃபெர்ரியில் பக்கத்தில் நின்றவர்கள் இதைப் பற்றிப் பேசியபோது, காதில் எதுவும் மாட்டாமலேயே பாட்டுக் கேட்கிறவள் மாதிரி தலையாட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள்.

என் கணவர் ஒரு மாலை வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றியபடி சொன்னார். "இன்னைக்குக் கேண்டீன்ல நான் போனதும் நாலு பேரு எழுந்து இடம் குடுத்தாங்க. காப்பிக்கும் அவங்களே குடுத்துட்டாங்க."

"எதுக்கு?"

"பாவம்னு நெனைக்கிறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கடிக்க ரெண்டு கரிபாப் எடுத்துக்கிட்டேன்."

அதுவரை எல்லாம் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. கோலாலம்பூரில் வேலை செய்யும் எங்கள் மகள் அன்று கூப்பிட்டாள். அலுவலகத்தில் யாரோ படத்தை அவளுக்கே அனுப்பி, "இது உங்க அம்மாவா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் கழிப்பறையில் நின்றுகொண்டு பேசினாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்மா, எல்லாம் முடிஞ்சிரும். ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?" அழுதாள். என் தொழிலில் நோயாளியின் வாயில் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். எத்தனையோ தடவை எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம் அது. அன்று சொல்லும்போது எனக்கே சிறியதாகத் தெரிந்தது. மறுநாள் காலையில் நிரப்பி வைத்த ஊசியிலேயே மறுபடி மருந்தை ஏற்றப் போனேன். முதல் நோயாளியைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னேன்.

ஆட்டக்காரரைக் கூப்பிட்டேன். குழு நிர்வாகம் வாயைத் திறக்காதே என்று சொல்லியிருப்பதாகச் சொன்னார். அவருக்கு அது வசதியாகவும் இருந்தது. "ரெண்டு வாரத்துல மறந்துருவாங்கக்கா." தகடு வந்து மாட்டிவிட்டதால் இப்போது சொற்கள் தெளிவாக வந்தன. சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அதைக் கழற்ற வேண்டும் என்பதால் வேறு அறையை மட்டும் அவர் விடவில்லை. சொன்னதில் மட்டும் தெளிவு இல்லை.

அந்த வாரக் கடைசியில், பிற்பகலில், புதிய நோயாளி ஒருவர் வந்தார். முப்பது வயதுப் பெண், முகக்கவசம், பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரி நேர்த்தியான பருத்திச் சேலை. நாற்காலியில் சாய வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். கீழே இடது பக்கம் கடைவாயில் ஒரு சொத்தை.

"எப்பலேருந்து வலி?"

"ரெண்டு ஞாயித்துக்கிழமையா," என்றார். பிறகு, "பல்லுல இல்ல டாக்டர்."

அப்போதுதான் புரிந்தது. கையிலிருந்த கண்ணாடியைத் தட்டில் வைத்தேன். அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"உங்களப் பாத்தா முப்பத்தி நாலு வயசு மாதிரி தெரியல."

"அம்பத்தொண்ணு."

"அப்ப அதுலயும் பொய் சொல்லிட்டாங்களா?"

"அது ஒண்ணுல மட்டும் எனக்கு வருத்தமில்லம்மா."

அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, அழுகை வந்துவிட்டது. பல் நாற்காலியில் சாய்ந்து அழுதால் கண்ணீர் கன்னத்தில் இறங்காது, காதுக்குள் போகும். நான் இரண்டு பக்கமும் பஞ்சை வைத்தேன்.

"நான் சண்டை போட வரல. அவரு என்னோட பேசுறதில்ல. ஒண்ணா சாப்புடுறதில்ல. வேற ரூம்புல படுக்குறாரு. பேப்பர்காரன் சொல்றான், நான் அம்மா வீட்டுக்குப் போயிட்டேன்னு. நான் அங்கதான் லா இருக்கேன், அவரு சட்டையத் தேச்சுக்கிட்டு. என்னன்னு மட்டும் சொல்லுங்க. எதுவா இருந்தாலும்."

"சொல்ல வேண்டியது நான் இல்லம்மா. அவரக் கூப்புடவா?"

தலையாட்டினார். நான் உள்ளறைக்குப் போய்க் கைபேசியில் அழைத்தேன். "உங்க மனைவி என் நாற்காலியில இருக்காங்க. அவங்க சொல்லித்தான் கூப்புடுறேன். வாங்க."

"சொல்லிட்டீங்களாக்கா?"

"சொல்லல. அதான் தம்பி பிரச்சினையே."

பயிற்சி அன்று தீவில்தான் நடந்தது. இருந்தாலும் வர நேரம் ஆகும். அவருடைய மனைவி நாற்காலியில் இருந்தார், சொத்தையும் இருந்தது. சும்மா இருப்பானேன் என்று மரத்துப்போக ஊசி போட்டு அதை அடைத்தேன். அவரும் மறுக்கவில்லை.

ஆட்டக்காரர் கேமராக்காரருக்குப் பயந்து பின்சந்து வழியாக, சமையல்கட்டுப் படியேறி வந்தார். மனைவியைப் பார்த்ததும் கதவருகே நின்றுவிட்டார். பிறகு அவர் திரும்பி நின்று, வாயில் விரலை விட்டு, தகட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பினார்.

அவர்களுடைய இல்லற வாழ்க்கையின் மிக முக்கியமான உரையாடல் அப்போது நடந்தது. ஒருவருக்கு முன்பல் இல்லை. மற்றவருக்குப் பாதி வாய் மரத்துப்போயிருந்தது. அவர் சொன்னது காற்றாகப் போனது, இவர் சொன்னது எச்சிலாக வழிந்தது. சில வாக்கியங்களை நான் நடுவில் நின்று திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

பதினான்கு வயதில் பிறையில், பயிற்சிக்குப் போகிற வழியில் சைக்கிளிலிருந்து விழுந்து அந்தப் பற்கள் போயின. கட்டுவதற்கு வீட்டில் வசதியில்லை. முதல் ஒப்பந்தம் கிடைக்கிற வரை அப்படியே இருந்தார். பள்ளிக்கூடத்திலும் திடலிலும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பொக்கை, மலாய்ப் பிள்ளைகளுக்கு ரோங்காக். கோல் போட்டாலும் அதைத்தான் கத்துவார்கள். கோல் போட்ட சந்தோஷத்தில் கூட வாயை மூடிக்கொண்டு ஓடுவாராம்.

"உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப நீ என்ன சொன்ன? சிரிப்பு புடிச்சிருக்குன்னு சொன்ன."

அவர் மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மரத்துப்போன உதட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"நான் உங்களத்தான் கட்டிக்கிட்டேன். பல்ல நீங்க கட்டிக்கிட்டீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி விடவில்லை. "பள்ளிக்கூடத்துல டீச்சருங்க எனக்கு டீ ஊத்திக் குடுக்குறாங்க. பசங்க நான் வந்தா சத்தம் போடுறதில்ல. அவ்வளவு பாவமாப் போயிட்டேன் நான். உங்களப் பொக்கைன்னு யாரும் கூப்புடக் கூடாது, அதுக்காக என்னை எப்பிடி வேணும்னாலும் கூப்புடலாமா? இந்த டாக்டரம்மாவ? இவங்க உங்களுக்கு என்ன பண்ணாங்க?"

கடைசி இரண்டு வாக்கியங்களை நான் திரும்பச் சொல்லவில்லை. அவருக்கே புரிந்திருந்தது. என்னைப் பார்த்து, "மன்னிச்சுருங்கக்கா" என்றார். நான் அவர் மனைவியிடம் இரண்டு மணி நேரத்துக்குச் சூடாக எதுவும் குடிக்க வேண்டாம், கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள் என்று சொன்னேன். போகும்போது அவர்கள் பின்சந்து வழியாகப் போகவில்லை. முன்படியில் சேர்ந்து இறங்கினார்கள். கேமராக்காரர் அப்போது ஸ்டூலில் இல்லை, சாப்பிடப் போயிருந்தார். அத்தனை நாள் உட்கார்ந்து அவர் தவறவிட்ட படம் அது.

நிர்வாகம் வழக்கறிஞர் மூலம் ஓர் அறிக்கை போதும் என்றது. ஆட்டக்காரர் தானே பேசுவேன் என்று சொல்லிவிட்டார். குழுவின் அலுவலகத்தில் செய்தியாளர்களைக் கூப்பிட்டார்கள். நானும் கணவரும் உதவியாளரும் கிளினிக்கில் ஒரே கைபேசியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம்.

அந்தப் பத்திரிகையின் நிருபர்தான் முதலில் எழுந்தார். படத்தில் இருக்கும் பெண்ணோடு உங்களுக்கு என்ன உறவு என்று மலாயில் கேட்டார். ஆட்டக்காரர் பதில் சொல்லாமல் குனிந்தார். நிமிர்ந்தபோது தகடு கையில் இருந்தது. அதை ஒலிவாங்கிகளுக்கு நடுவே மேசைமேல் வைத்தார்.

"இதுக்காகத்தான் போனேன். அவங்க என் பல் டாக்டர்."

மலாயில் அந்த வாக்கியங்களில் சகரம் நிறைய. ஒவ்வொன்றும் சீட்டியாக வந்தது. கேமராக்கள் எல்லாம் மேசைமேல் இருந்த தகட்டுக்குக் குனிந்தன. பிறகு அவர் சைக்கிளிலிருந்து விழுந்தது, கூப்பிட்ட பெயர், மனைவியிடம் மறைத்தது எல்லாவற்றையும் சீட்டியடித்தபடியே சொன்னார். தகட்டை மறுபடி மாட்டிக்கொண்டு சொல்லியிருக்கலாம். மாட்டவில்லை. என் மனைவியும் டாக்டரும் நான் பேசாததால் அசிங்கப்பட்டார்கள் என்றார். அவருடைய மனைவி சுவரோரமாக நின்றிருந்தார். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மாணவன் செய்யுள் ஒப்பிக்கும்போது ஆசிரியை நிற்கிற மாதிரி நின்றார்.

"அந்த நகை?" என்று அதே நிருபர் கேட்டார்.

ஆட்டக்காரர் விளக்கினார். என் கணவர் என் பக்கம் திரும்பினார். "ஓ," என்றார். "பல்லா?"

என் உதவியாளர் அன்று மாலை ஃபெர்ரியில் மொத்தக் கூட்டத்துக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக மறுநாள் அறிவித்தாள். தொண்டை கட்டியிருந்தது.

அந்தப் பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. ராசிபலனுக்குக் கீழே, இரண்டு வரி. "முன்னர் குறிப்பிடப்பட்ட பெண் அவருடைய பல் மருத்துவர் என அறிகிறோம்." அறிகிறோம் என்ற சொல்லில் இன்னும் கொஞ்சம் சந்தேகத்தை மிச்சம் வைத்திருந்தார்கள். என் வயதைத் திருத்தவில்லை. கணவரையும் உயிர்ப்பிக்கவில்லை. முதல் பக்கத்தில் அதைவிடப் பெரிய செய்தி இருந்தது: "நட்சத்திரத்தின் போலிப் புன்னகை!" பிறகு ஒருநாள் அங்கிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, வாசகர்களுக்காகப் பல் பாதுகாப்புப் பற்றி வாராவாரம் எழுத முடியுமா என்று கேட்டார்கள். நேரமில்லை என்று சொன்னேன். வழக்குப் போடலாம் என்று வழக்கறிஞர் சொன்னதற்கு, ஆட்டக்காரர் என்னிடம்தான் யோசனை கேட்டார். என் மகள் போடச் சொன்னாள். நீதிமன்றத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்டுவார்கள், அதே நீல சூட்டோடு இன்னும் சில வருஷம் நான் நிற்க வேண்டும் என்று தோன்றியது. வேண்டாம் என்றேன். மகளுக்கு இன்னும் அதில் கோபம்தான். அவள் பக்கம் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

அடுத்த ஆட்டத்துக்கு என் கணவர் டிக்கெட் வாங்கி வந்தார். நான் திடலுக்குப் போனது அதுதான் முதல் தடவை. எதிர்க்குழு ரசிகர்கள் முன்பல்லில் கறுப்பு நாடா ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆட்டக்காரர் பந்தைத் தொட்டபோதெல்லாம், "ரோங்காக்! ரோங்காக்!" என்று ஒரு பக்கம் முழுவதும் கத்தியது. பதினான்கு வயதில் ஒரு பள்ளிக்கூடமே கத்தியதை இப்போது ஒரு திடலே கத்தியது. நான் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆடும்போது தகடு போடக் கூடாது, இடித்தால் தொண்டைக்குள் போய்விடும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். மூலையிலிருந்து பந்தை உதைப்பதற்காக அவர் அந்தக் கூட்டத்துக்கு நேர் கீழே வந்தார். சத்தம் உச்சத்துக்குப் போனது. அவர் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்து, அவர்களைப் பார்த்து, வாய் நிறையச் சிரித்தார். நடுவில் இருட்டாக ஒரு சன்னல். கத்தியவர்களில் பாதிப் பேர் கைதட்டிவிட்டார்கள். பிறகு எங்கள் பக்கத்து ரசிகர்களே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தார்கள். அதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. அவர் உதைத்த பந்து வேலிக்கு மேலே போய் விழுந்தது. ஆட்டம் கோல் எதுவும் இல்லாமல் முடிந்தது. என் கணவர் இதற்கா இவ்வளவு காசு என்று கேட்டார்.

நிரந்தரப் பற்களைப் பொருத்த அதற்குப் பிறகும் பல மாதங்கள் ஆயின. கடைசி நாளன்று மனைவியும் பாப்பாவும் கூட வந்தார்கள். எல்லாம் முடிந்ததும் கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் அதை வாங்காமல் மனைவியைப் பார்த்தார். மனைவி பையைத் திறந்து ஒரு முழுக் கொய்யாப்பழத்தை எடுத்துக் கொடுத்தார். பதினான்கு வயதுக்குப் பிறகு ஆட்டக்காரர் எந்தப் பழத்தையும் முழுதாகக் கடித்ததில்லையாம். முதலில் பல் இல்லை, பிறகு கட்டின பல் பெயர்ந்துவிடுமோ என்ற பயம். துண்டு துண்டாக நறுக்கித்தான் சாப்பிடுவார். வீட்டில் அதற்கு அவர் சொன்ன காரணம், அதுதான் நாகரிகம்.

"கடிக்கலாமாக்கா?"

"மெதுவா."

மெதுவாக ஒன்றும் கடிக்கவில்லை. நாற்காலி முழுவதும் கொய்யா விதை. பாப்பா தனக்கும் வேண்டும் என்று கையை நீட்டினாள். என் உதவியாளர் துடைக்கத் துணி எடுக்கப் போனாள். வெளியே கடைவாய்ப் பல் வலியோடு ஒரு பெரியவர் வெகுநேரமாகக் காத்திருந்தார். நான் அவரை உள்ளே வரச் சொன்னேன்.